கசத்தில் இருப்பவள்

(நெய்வேலியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நல்ல தண்ணீர். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் காலுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி. அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்று நீர். அந்த நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு அது மேலே வந்துவிடும். 1930களில் இங்கே கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்றுதான் இந்த ஊரின் கதையே தொடங்குகிறது. நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது 1957 மே மாதம். அன்றைக்குத் தொடங்கிய வேலை, ஒரு வகையில் தண்ணீரோடு போட்ட மல்லுக்கட்டு.

கீழே ஒருத்தி இருக்கிறாள், அவளை அடக்கி வைத்தால்தான் மேலே பிழைப்பு நடக்கும். இப்படி நான் சொன்னால் பொறியாளர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஆற்றில் வலை வீசிப் பிழைத்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் சிரிக்க மாட்டார். "அவளுக்கு என்ன கொடுத்தீங்க?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விதான் இன்றைக்கு என் தலைப்பு. ஆற்று மீனவர்கள் தண்ணீருக்குள் யார் இருப்பதாக நம்பினார்கள்? ஏன் நம்பினார்கள்? அந்த நம்பிக்கை அவர்களை வாழ வைத்ததா, சாகவும் வைத்ததா?

நான் வெள்ளாற்றங்கரைக்காரன். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊரில் ஒரு வலைக்காரத் தாத்தா இருந்தார். எனக்குப் பத்து வயது. விடுமுறை நாளில் அவர் பின்னால் பறியைத் தூக்கிக்கொண்டு போவேன். கரையில் செருப்பைக் கழற்றிவிடுவார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவார். குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பார். பஸ்ஸில் ஏறும் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவாரே, அதே மாதிரி. யோசிக்காமல் செய்கிற செயல்.

ஆற்றின் வளைவு ஒன்றில் ஆழமான இடம் உண்டு. அதை எங்கள் பக்கம் கசம் என்பார்கள். பழந்தமிழில் கயம் என்ற சொல்தான் எங்கள் வாயில் கசம் ஆகிவிட்டது. அந்தக் கசத்தில் வீசும்போது மட்டும் ஒரு வழக்கம். முதலில் அகப்படுகிற மீன் தாத்தாவுக்கு இல்லை. அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"யாருக்குத் தாத்தா?" என்று தண்ணீரில் நின்றபடியே கேட்டேன். பொடனியில் ஒரு தட்டு விழுந்தது. "தண்ணிக்குள்ள நின்னுகிட்டு யாருன்னு கேப்பியாடா நீ?"

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வீச்சிலேயே விரால் விழுந்தது. முழங்கை நீளம். வலைக்குள் துள்ளுகிறது. தாத்தா அதைப் பார்த்தார். கசத்தைப் பார்த்தார். மறுபடியும் விராலைப் பார்த்தார். விரால் சந்தையில் என்ன விலை போகும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். மெதுவாக அதை எடுத்துப் பறிக்குள் போட்டார். அடுத்த வீச்சில் வந்த ஒரு பொடிக் கெண்டையை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அவளுக்குக் கெண்டைதான் புடிக்கும்."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு யோசித்தால் நம்பிக்கை என்பதன் முழு வடிவமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. பயம் இருக்கிறது. மரியாதை இருக்கிறது. பேரமும் இருக்கிறது! தெய்வத்தோடு பேரம் பேசலாம், ஆனால் வெறுங்கையோடு ஏமாற்றக் கூடாது. விராலுக்குப் பதில் கெண்டை கொடுக்கலாம். ஒன்றுமே கொடுக்காமல் இருக்கக் கூடாது.

யார் அந்த அவள்?

கரைக்கு வந்து வலையை உலர்த்தும்போதுதான் வாய் திறப்பார். ஏழு பேர். அக்கா தங்கைகள். கன்னிமார். உச்சி வேளையில் கசத்தில் குளிக்க வருவார்கள். அந்த நேரத்தில் ஒண்டியாக ஆற்றுக்குப் போகக் கூடாது. கொலுசுச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் முதல் தடவைக்கே பதில் சொல்லக் கூடாது.

தமிழ்நாட்டில் எந்த ஏரிக்கரைக்கும் போங்கள், எந்த ஆற்றங்கரைக்கும் போங்கள். வேம்புக்கோ அரசுக்கோ அடியில் ஏழு கற்கள் இருக்கும். கல் கிடைக்காத இடத்தில் ஏழு செங்கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காதோலை கருகமணி வைத்திருப்பார்கள். பெரிய கோயில்களில் சப்தமாதர்கள் என்று சிற்பமாக இருப்பவர்களும் இவர்களும் ஒன்றுதான் என்று சாத்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் தாத்தாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பெரும்பாலான ஊர்களில் கன்னிமாருக்குக் கறி படைப்பதில்லை, பொங்கலும் மாவிளக்கும்தான். பக்கத்தில் காவலுக்கு ஒரு முனி நிற்பார். சேவலும் சாராயமும் அவருக்கு. வீட்டுப் பெண்கள் சைவம், வாசல் காவலாளி அசைவம். ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது!

இதெல்லாம் நேற்றுக் கிளம்பிய கதையா? இல்லை ஐயா, இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக் கதை.

பட்டினப்பாலையைப் பாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பாட்டு. காவிரி கடலில் கலக்கிற இடத்தில் பரதவர் குடியிருப்பு. முழுநிலவு நாளில் அவர்கள் மீன்பிடிக்கப் போவதில்லை. சுறாவின் கொம்பை மண்ணில் நட்டு, அதில் வலிமையான அணங்கு வந்து குடியிருப்பதாக எண்ணி வழிபடுகிறார்கள். பூச்சூடி, கள் அருந்தி, ஆடிக் களிக்கிறார்கள். கோயில் இல்லை, சிலை இல்லை. நேற்று வரை தங்களைக் கொல்ல வந்த சுறாவின் கொம்புதான் சாமி. எது கொல்லுமோ அதையே கும்பிடுவது என்கிற மனசு அங்கேயே தெரிகிறது.

அணங்கு என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அழகு என்றும் பொருள், வருத்தம் என்றும் பொருள், தெய்வம் என்றும் பொருள். துறையிலே அணங்கு, சுனையிலே சூர்மகள், நீரிலே நீரரமகள். தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் ஒரு பெண்ணைக் குடிவைத்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர்.

ஆட்டனத்தி கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1960இல் எம்.ஜி.ஆர் நடித்து 'மன்னாதி மன்னன்' என்று படமாகவே வந்தது. கண்ணதாசனின் கதை. அதன் வேர் சங்கப் பாட்டில் இருக்கிறது. பரணர் சொல்கிறார். கழார்த் துறையில் புதுப்புனல் விழா. ஆட்டனத்தி அழகன், ஆட்டக்காரன். அவனுடைய அழகைப் பார்த்த காவிரி அவனைக் கவர்ந்துகொண்டு போய்விட்டது. மனைவி ஆதிமந்தி கரையோரமாக அழுதுகொண்டே ஓடுகிறாள். கடைசியில் மருதி என்கிற பெண் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் கடலில் கலந்துவிடுகிறாள்.

வெள்ளம் அடித்துப் போனது என்று சொல்லியிருக்கலாம். கவர்ந்தாள் என்று சொன்னார்கள். ஏன்? வெள்ளத்தோடு சண்டை போட முடியாது. ஒருத்தியோடு போடலாம். கெஞ்சலாம், திட்டலாம், சேலை கொடுத்துச் சமாதானம் பண்ணலாம். ஆடிப் பதினெட்டில் இன்றைக்கும் அதைத்தானே செய்கிறோம்? ஆற்றுக்கு மசக்கை என்று சொல்லிச் சித்ரான்னம் கொண்டு போகிறோம். வல்லம்படுகையில் கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பாருங்கள். புதுத் தாலி மாற்றிக்கொள்கிற பெண்கள், கருகமணியைத் தண்ணீரில் விடுகிற பெண்கள். ஆற்றைப் பிள்ளைத்தாய்ச்சியாக்கிச் சீர் செய்துவிட்டால், வருகிற வெள்ளத்தில் அவள் நம் பிள்ளையைக் கேட்க மாட்டாள் என்ற கணக்கு.

உள்நாட்டு மீனவர்களில் செம்படவர் என்று சொல்கிற பர்வதராஜகுலத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பார்வதி தங்கள் குலத்துப் பெண் என்றார்கள். அப்படியானால் சிவன் யார்? வீட்டு மாப்பிள்ளை! திருவிளையாடற் புராணத்தில் வலை வீசின படலம் இருக்கிறது. மீனவப் பெண்ணாகப் பிறந்த உமையை மணக்க, சிவனே வலைஞனாக வந்து சுறாவைப் பிடிக்கிறார். 1965இல் வந்த படத்தில் சிவாஜி கடற்கரையில் நடந்து வந்த அந்த நடை போதுமே! மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் இன்றைக்கும் பரம்பரைப் பூசாரிகள் இந்த மீனவக் குலத்தார்தான். சாமியாடுகிற உரிமை, மயானக்கொள்ளை நடத்துகிற உரிமை எல்லாம் வலைபிடித்த கைகளுக்கு. இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தண்ணீரோடு பழகியவனுக்குத் தெய்வத்தோடும் நெருக்கம் உண்டு என்று மற்ற சாதிகளும் ஒப்புக்கொண்டார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போகிறேன். இங்கிருந்து சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை பஸ். 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர் படகில் போவாரே, அந்த இடம். சுற்றுலாப் படகில் போகிறவர்கள் சுரபுன்னை மரத்தைப் படம் எடுப்பார்கள். படகுக்குப் பக்கத்திலேயே கழுத்தளவு தண்ணீரில் சில தலைகள் தெரியும். அதை யாரும் படம் எடுப்பதில்லை. அவர்கள் இருளர்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றில் தவழ்ந்தபடி, கையாலேயே தடவித் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும்தான். மணிக்கணக்காக!

யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள் கையை விட்டுத் தடவுகிறவருக்குக் கையில் என்ன தட்டுப்படும் என்று தெரியாது. இறாலாக இருக்கலாம், கெளுத்தி முள்ளாக இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். அந்தக் கைக்கு ஒரு துணை வேண்டாமா?

இருளருக்குத் துணை கன்னியம்மா. அவளும் ஏழு கன்னியரில் ஒருத்தி, அவளே ஏழு பேரும். ஒவ்வொரு ஆண்டும் மாசி மகத்துக்கு வட தமிழ்நாட்டு இருளர்கள் கூட்டம் கூட்டமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், அவளைச் சமாதானப்படுத்தி அழைத்து வர வேண்டும் என்பது அவர்கள் சொல்கிற கதை. சேலையையும் தார்ப்பாயையும் கட்டி மணலிலேயே தங்குகிறார்கள். விடியற்காலையில் அலைக்குப் பக்கத்தில் மணலைக் குவித்து ஏழு படி கட்டுகிறார்கள். பூ, தேங்காய், விளக்கு. சாமி வந்தவரிடம் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கரையிலேயே பெண் பார்க்கிறார்கள், நிச்சயம் செய்கிறார்கள், தாலியும் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் பல்லவர் எழுப்பிய கற்கோயில், ஆயிரத்து முந்நூறு ஆண்டாக நிற்கிறது. மறு பக்கம் இருளர் எழுப்பிய மணற்கோயில், காலை வெயில் ஏறுவதற்குள் அலை வந்து எடுத்துக்கொண்டு போகிறது. அடுத்த மாசியில் மறுபடியும் கட்டுவார்கள். அவர்களுக்கு அதில் வருத்தமே இல்லை. அவள் வந்தாள், அவளே எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சரி, சாமியைப் பார்த்தோம். இனி பேயைப் பார்ப்போமா?

பழைய கொள்ளிடத்துக் கரையில் ஒரு பேச்சு உண்டு. தண்ணீருக்குள் முனி இருக்கிறது, குளிக்கிறவன் காலைப் பிடித்து இழுக்கும். பகுத்தறிவு பேசுகிற நண்பர் ஒருவர் என்னோடு வந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "மூடநம்பிக்கை, இறங்குவோமா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அங்கே இழுக்கிற ஒன்று உண்மையாகவே இருக்கிறது. முதலை! கொள்ளிடத்தை ஒட்டிய சிதம்பரம் வட்டார ஊர்களில் முதலை கடித்த செய்தி இன்றைக்கும் பத்திரிகையில் வருகிறது. பிடிபட்ட முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி ஏரியில் கொண்டு விடுகிறார்கள். முதலை கரையில் வளை தோண்டி அதற்குள் படுத்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும். குளிக்கிறவனுடைய கால் போகும், ஆள் போவான், மேலே ஒரு குமிழி வரும். பார்த்தவன் ஊருக்குள் ஓடிப்போய் என்னவென்று சொல்வான்? முனி இழுத்தது என்றுதான் சொல்வான். பெயர்தான் பிழை. எச்சரிக்கையில் பிழை இல்லை.

ஜப்பானில் கப்பா என்று ஒரு நீர்ப்பூதம் உண்டு. குளத்தருகே போகிற குழந்தைகளை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளரிக்காய் கொடுத்தால் சாந்தமாகிவிடும். அந்த ஊரில் இன்றைக்கும் ஆழமான நீர்நிலைகளின் ஓரத்தில் "இங்கே நீந்தாதீர்கள்" என்ற பலகையில் கப்பாவின் படத்தைப் போட்டு வைக்கிறார்கள். அரசாங்கப் பலகையில் பேய்! நம் ஊரில் பலகையும் இல்லை, பேயையும் துரத்திவிட்டோம்.

பயமுறுத்துவது மட்டும்தான் நீர்த்தெய்வத்தின் வேலையா? கடல் தாண்டி மட்டக்களப்புக்குப் போனால் அவள் பாடுகிறாள். அந்த ஊருக்கே மீன்பாடும் தேன்நாடு என்று பெயர். நிலா வெளிச்சத்தில் கல்லடிப் பாலத்துக்கருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டால் வாவிக்கு அடியிலிருந்து இசை வரும் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கேட்டு வியந்து எழுதி வைத்தார். மீனா, ஊரிச் சிப்பியா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்தவர்தான் பின்னாளில் விபுலாநந்த அடிகள் ஆனார். நமக்குப் பக்கத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மட்டக்களப்பு வாவியில் நீரரமகளிர் பாடியதாக அவர் எழுதினார். அந்தப் பாட்டின் சுரங்களைத் தேடிப் போனவர் யாழ் நூலில் போய் முடிந்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்துவிட்டார். மீனவர் தோணியில் காது வைத்துக் கேட்ட ஒன்று, ஒரு பேராசிரியரின் கையில் தமிழிசையின் பெருநூலாயிற்று. நீர்த்தெய்வ நம்பிக்கையை ஏளனம் செய்கிற யாரைப் பார்த்தாலும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆனால் தோழர்களே, இங்கே நான் நிறுத்த வேண்டும். நீங்கள் தலையாட்டுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது! "ஆஹா, நம் முன்னோர்கள் எல்லாம் அறிவியலாக வைத்திருந்தார்கள்" என்று மாலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

என்னோடு படித்த பையன் ஒருவன். வயல் சேற்றிலும் ஆற்றிலும் கிடப்பவன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல். கண் மஞ்சளானது. உச்சி வேளையில் கசத்துப் பக்கம் போனான், கன்னி பிடித்துக்கொண்டாள் என்றார்கள். கண்ணில் மஞ்சள் இருக்கிறதே, அது அவள் பூசிய மஞ்சள் என்றாள் ஒரு கிழவி. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஏழாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் புண்ணோடு நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும், அதில் கண் மஞ்சளாகும் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது. அவனுக்குப் பதினான்கோடு முடிந்திருந்தது.

அந்தக் கயிறு என் கண்ணிலேயே நிற்கிறது. கறுப்புக் கயிறு, ஒன்பது முடிச்சு.

இன்னும் ஒன்று. 2022 ஜூன் 5. நம் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில், தடுப்பணைக்கு அருகே குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். சிறுமிகளும் பதின்வயதுப் பெண்களும். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி என்று ஆழத்தில் சிக்கினார்கள். ஏழு பேர். அந்த எண்ணிக்கையைச் செய்தியில் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்று உங்களுக்குத் தெரியும். எத்தனையோ ஊர்களில் கன்னிமார் கதை இப்படித்தான் தொடங்குகிறது: குளிக்கப் போன ஏழு அக்கா தங்கைகள், திரும்பி வரவில்லை. அந்த ஏழு கல்லும் வானத்திலிருந்து இறங்கிய தெய்வங்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பல ஊர்களில் அவை பெற்றவர்கள் நட்ட கற்களாக இருக்குமோ என்று அன்றைக்குத் தோன்றியது.

அப்படியானால் ஆறு காவு கேட்கிறது என்ற பேச்சை நான் எப்படி ஏற்பேன்? ஆறா கேட்டது? மணல் அள்ளிய ஆறுகளில் முழங்கால் தண்ணீரில் நடக்கிறவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பான். தாத்தா காலத்துக் கசம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அதற்குப் பெயர் உண்டு, அதற்கு நேரம் உண்டு, அதற்குக் கல் உண்டு. எந்திரம் தோண்டிய பள்ளத்துக்கு என்ன பெயர்? அங்கே எந்தக் கல் நட்டார்கள்? பழைய கசத்தில் ஒரு பிள்ளை போனால் கன்னி எடுத்தாள் என்று மனசை ஆற்றிக்கொண்டார்கள். புதுப் பள்ளத்தில் போனாலும் அதையே சொன்னால், தோண்டியவன் நிம்மதியாகத் தூங்குவான். கன்னியின் தலையில் பழியைப் போடுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். அவள் பாவம்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கே வருகிறேன். பரவனாறு.

நெய்வேலியை ஒட்டி ஓடுகிற சின்ன ஆறு. கூவம் அளவுக்குக்கூடப் பேர் கேட்காத ஆறு. சுரங்கத்துக்காக அதன் தடம் மாற்றப்பட்டது. 2023இல் வளையமாதேவியில் அதற்கு நிரந்தரத் தடம் வெட்டியபோது நெற்பயிர் நின்ற வயலில் எந்திரம் இறங்கிய படத்தை நாடே பார்த்தது. அந்த வழக்கையும் இழப்பீட்டையும் பேச இது மேடை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் கேள்வி சின்னது. ஊர் இடம் பெயர்ந்தால் சாமி என்ன ஆகும் என்பதற்கு நம் மக்களிடம் வழி இருக்கிறது. பழைய கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்துப் புது இடத்தில் வைப்பார்கள். பிடிமண் என்பார்கள். மாரியம்மனும் ஐயனாரும் அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போயிருக்கிறார்கள். சுரங்கத்துக்காக எழுந்துபோன ஊர்க்காரர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆற்றை மாற்றினால்? தண்ணீரில் இருக்கிறவளுக்குப் பிடிமண் எது? வெட்டிய கால்வாய்க்குக் கசம் கிடையாது, வளைவு கிடையாது. ஒரே அகலம், ஒரே ஆழம். அவள் எங்கே குளிப்பாள்?

சிரிக்கிறீர்கள். சரி. நீங்கள் வெட்டுகிற கரி என்ன? பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் சதுப்பு நீரில் மூழ்கிப்போன காடு. இன்றைய பிச்சாவரம் போலத் தண்ணீரில் நின்று, தண்ணீரிலேயே அமிழ்ந்த மரங்கள். அதை எரித்துத்தான் இந்த ஒலிபெருக்கி பேசுகிறது. தண்ணீருக்குள் போனது எதுவும் முழுசாகப் போய்விடுவதில்லை என்பதை, எந்த மீனவரையும் விட நெய்வேலிக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வலைக்காரத் தாத்தா போய் ரொம்ப நாள் ஆயிற்று. அவர் மனைவி, ஆயா, கொஞ்ச காலம் முன்புவரை இருந்தார். ஓர் ஆடிப் பதினெட்டில் ஊருக்குப் போயிருந்தேன். மழை பொய்த்த வருஷம். வெள்ளாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து, மணலில் குழி தோண்டி ஊற்றி, அதற்குப் பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயா மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. தனியாக, இடுப்பில் ஒரு செம்போடு, வளைவுக்கு நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே போனேன்.

கசம் இருந்த இடத்தில் நாணல் முளைத்திருந்தது. ஆயா அங்கே குந்தி உட்கார்ந்தார். செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார், கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி. மணல் குடித்துக்கொண்டே இருந்தது. செம்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து கருகமணியை எடுத்து ஈர மணலில் புதைத்தார். பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தார்.

"எங்கடா இருக்க இப்ப?"

"நெய்வேலி ஆயா."

"அங்க பூமிக்குள்ளேர்ந்து ராத்திரி பகலா தண்ணி எடுக்குறாங்களாமே, நெசமா?"

"ஆமாம் ஆயா."

கையை ஊன்றி எழுந்தார். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன ஒருத்தியை விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"அப்ப அவ அங்கதான் வந்திருப்பா. பாத்தியா?"